நான்காம் வருடம் எதற்கு? விஞ்ஞானச் சிறப்புப் பட்டத்தின் கதை

(கொஞ்சம் நீளமான பதிவு. கம்பஸுக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கிறவர்களும் அனுப்பக் காத்திருக்கிறவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.)

உயர்தரப் பெறுபேறு வந்து, இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளி வெளியாகி, பிள்ளை விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவானதும் வீட்டில் ஒரு பெரிய மூச்சு விடுகிறோம். இனிப் பயமில்லை, பட்டம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் விஞ்ஞான பீடத்தில் பிள்ளைக்கு இன்னொரு தெரிவு காத்திருக்கிறது. மூன்று வருடத்தில் பட்டம் எடுத்துக்கொண்டு வெளியேறுவதா, இல்லை நான்காம் வருடமும் இருந்து சிறப்புப் பட்டம், இப்போதைய பெயரில் ஹொனர்ஸ் பட்டம், எடுப்பதா என்ற தெரிவு.

அந்த நேரத்தில்தான் பெற்றோர் கேட்பார்கள்: "மூணு வருஷத்தோட முடிச்சா காணாதா சேர்?"

இது நியாயமான கேள்வி. இன்னும் ஒரு வருடம் போர்டிங் காசு கட்ட வேண்டும். தொழில் ஒரு வருடம் பிந்தும். பெண்பிள்ளை என்றால் கலியாணப் பேச்சு வேறு வந்து நிற்கும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்த வருடத்தில் பிள்ளை என்னதான் செய்கிறது? பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்கும் முதல் இரண்டு வருடம் சரியாகத் தெரிவதில்லை. அதனால் இந்த நான்காம் வருடம் எங்கிருந்து வந்தது, அதில் என்ன நடக்கிறது, எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்பதை வரலாற்றோடு சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"ஹொனர்ஸ்" என்றால் என்ன?

இந்தச் சொல்லின் ஒரு வேர் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பட்டப் பரீட்சை பெரும்பாலும் ஒரு சடங்காகவே இருந்தது. ஒருசில வாய்மொழிக் கேள்விகள், பழக்கப்பட்ட பதில்கள், அதோடு பட்டம். இதைத் திருத்த 1800இல் ஒரு பரீட்சைச் சட்டம் கொண்டு வந்தார்கள். சாதாரணப் பட்டம் போதும் என்பவர் சாதாரணப் பரீட்சை எழுதலாம். விரும்பியவர் கடினமான பரீட்சைக்குத் தோற்றி மேலதிக கௌரவம் பெறலாம். அந்தக் கௌரவம்தான் ஹொனர்ஸ். 1807 முதல் அப்படிச் சித்தியடைந்தவர்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வெளியிட்டார்கள். இன்று நாம் சொல்லும் "பெஸ்ட் கிளாஸ்", "செகண்ட் கிளாஸ்" எல்லாம் அந்த வழியில் வந்தவை. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான ரொபர்ட் பீல், 1808இல் செம்மொழி இலக்கியம், கணிதம் இரண்டிலும் முதல் வகுப்பு எடுத்தவர்.

கேம்பிரிட்ஜில் கணிதத்துக்கு இதுபோன்ற கடும் பரீட்சை அதற்கு முன்னரே இருந்தது. இயற்கை விஞ்ஞானத்துக்கான ஹொனர்ஸ் பரீட்சையை அங்கே முதன்முதலில் நடத்தியது 1851இல்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் காலம் வரை ஹொனர்ஸ் என்றால் அதிகம் படிப்பது, கடினமான பரீட்சை எழுதுவது, அவ்வளவுதான். ஆராய்ச்சி என்ற பேச்சே அதில் இல்லை. மற்றவர்கள் கண்டுபிடித்ததை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவனே கெட்டிக்காரன்.

ஆய்வுக்கூடமே வகுப்பறையானது

மாற்றம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1824இல் கீசென் என்ற சின்ன நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு இளைஞர் இரசாயனவியல் கற்பிக்க வந்தார். பெயர் யூஸ்டஸ் வொன் லீபிக். வயது 21. அவர் ஆசிரியர் மேசையில் பரிசோதனை செய்து காட்டிவிட்டுப் போகவில்லை. மாணவர்களை ஆய்வுக்கூடத்துக்குள் இறக்கினார். முதலில் தெரிந்த பொருள்களைப் பகுப்பாய்வு செய்யப் பழக்கினார். கை பழகியதும் விடை தெரியாத ஒரு பிரச்சினையைக் கையில் கொடுத்தார். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அந்தச் சின்ன ஊரைத் தேடிப் போனார்கள்.

லீபிக்கிடம் படித்த ஹொஃப்மன் என்பவர் 1845இல் லண்டனில் தொடங்கப்பட்ட இரசாயனவியல் கல்லூரிக்குப் பொறுப்பாக வந்தார். அவரிடம் படித்து உதவியாளராக இருந்த ஒரு பையனின் பெயர் வில்லியம் ஹென்றி பேர்கின்.

1856, ஈஸ்டர் விடுமுறை. பேர்கினுக்கு வயது 18. மலேரியாக் காய்ச்சலுக்கு அந்தக் காலத்தில் இருந்த மருந்து குயினைன். அது சிங்கோனா மரப்பட்டையிலிருந்துதான் கிடைத்தது. அதைச் செயற்கையாகச் செய்ய முடியுமா என்று வீட்டில் வைத்திருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் முயன்றார். முயற்சி தோற்றது. கிடைத்தது வெறும் கறுப்புக் கசடு. வேறு யாராவது என்றால் கழுவி ஊற்றியிருப்பார்கள். அவர் அதை மதுசாரத்தில் கரைத்துப் பார்த்தார். அழகான ஊதா நிறம் வந்தது. துணியில் ஒட்டியது, சலவைக்கும் போகவில்லை. செயற்கைச் சாயத் தொழிலின் தொடக்கம் அதுதான்.

இந்தக் கதையை நாங்கள் பாடசாலையில் தற்செயல் கண்டுபிடிப்பு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதில் இருக்கும் படிப்பினை வேறு. எதிர்பார்த்த விடை வராதபோது "அப்போ வந்திருக்கிறது என்ன?" என்று கேட்கும் பழக்கம் அந்தப் பையனுக்கு இருந்தது. அந்தப் பழக்கம் புத்தகம் வாசித்து வருவதில்லை, ஆய்வுக்கூடத்தில் நின்று வருவது.

மகன் செய்த வேலை

பேர்கினுக்கு ஒரு மகன். அவருக்கும் வாப்பாவின் பெயரே: வில்லியம் ஹென்றி பேர்கின். அவர் ஜெர்மனிக்குப் போய் வூர்ட்ஸ்பர்க்கில் கலாநிதிப் பட்டம் எடுத்தார், பின்னர் மியூனிக்கில் அடொல்ஃப் வொன் பாயரிடம் வேலை செய்தார். 1912இல் ஒக்ஸ்போர்டில் இரசாயனவியல் பேராசிரியர் பதவிக்கு வந்தார்.

வந்து பார்த்தால் அங்கே மாணவர்கள் நன்றாகப் பரீட்சை எழுதுகிறார்கள், ஆனால் பட்டம் எடுத்து வெளியேறும்வரை சொந்தமாக ஒரு ஆய்வும் செய்வதில்லை. ஜெர்மனியின் ஆய்வுக்கூடங்களைப் பார்த்தவருக்கு இது பொறுக்கவில்லை. 1916இல், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, ஒரு விதியைக் கொண்டு வரச் செய்தார். ஒக்ஸ்போர்டில் இரசாயனவியல் ஹொனர்ஸ் பட்டத்துக்கு நான்காவதாக ஒரு வருடம், அந்த வருடம் முழுக்க ஆராய்ச்சி, முடிவில் ஆய்வேடு. இதற்குப் பெயர் "பார்ட் டூ". நூறு வருடம் தாண்டியும் அது நடந்துகொண்டிருக்கிறது.

போர்க் காலத்தில் ஏன் இந்த அவசரம்? அந்தக் காலத்தில் சாயம், மருந்து, வெடிபொருள் எல்லாவற்றுக்கும் இரசாயனவியல் தேவை. முதல் செயற்கைச் சாயத்தை ஒரு ஆங்கிலப் பையன் கண்டுபிடித்தும், சாயத் தொழிலில் முன்னுக்குப் போனது ஜெர்மனிதான். அங்கே ஆய்வு பழகியவர்கள் கூட்டமாக இருந்தார்கள், இங்கிலாந்தில் இல்லை. ஒரு நாடு பட்டதாரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முன்னுக்கு வர முடியாது, ஆய்வு செய்யத் தெரிந்த பட்டதாரிகளும் வேண்டும் என்பதைப் போர் அவர்களுக்குப் படிப்பித்தது.

அந்த ஒரு வருடத்தில் இரண்டு பெண்பிள்ளைகள்

ஒக்ஸ்போர்ட் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920இல்தான். கேம்பிரிட்ஜில் அது 1948இல். அதை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

1928இல் டொரதி குரோஃபுட் என்ற மாணவி ஒக்ஸ்போர்டில் இரசாயனவியல் படிக்கச் சேர்ந்தார். நான்காம் வருட ஆராய்ச்சிக்கு அவர் எடுத்தது எக்ஸ் கதிர்ப் பளிங்கியல். ஒரு பளிங்கின் ஊடாக எக்ஸ் கதிரைச் செலுத்தி, படத்தில் விழும் புள்ளிகளை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்கிடும் துறை. அப்போது அது புதிது. பவெல் என்ற விரிவுரையாளரின் மேற்பார்வையில் தாலியம் சேர்வைகள் சிலவற்றை ஆராய்ந்தார். 1932இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார்.

திருமணத்தின் பின் டொரதி ஹொட்ஜ்கின் என்று உலகம் அறிந்தது இவரைத்தான். பெனிசிலினின் அமைப்பு, விற்றமின் பி12இன் அமைப்பு இரண்டையும் கண்டுபிடித்து 1964இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நமது வீடுகளில் சீனி வருத்தக்காரருக்குக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறோமே, இன்சுலின், அதன் பளிங்கை 1935இல் படம் எடுத்தார். அமைப்பைக் கண்டு முடித்தது 1969இல். ஒரு கேள்வியை 34 வருடம் கையில் வைத்திருந்தார். அந்தப் பொறுமைக்கு முதல் பயிற்சி நான்காம் வருட ஆய்வு.

இரண்டாவது மாணவி மார்கரெட் ரொபர்ட்ஸ். 1943இல் சேர்ந்தார். நான்காம் வருடத்தில் அவருக்கு மேற்பார்வையாளர் யார் தெரியுமா? அதே டொரதி ஹொட்ஜ்கின். கிராமிசிடின் என்ற நுண்ணுயிர்கொல்லியின் அமைப்பைப் பற்றிய ஆய்வு. அந்த ஒரு வருடத்தில் அமைப்பு பிடிபடவில்லை. அந்த மூலக்கூறு அவ்வளவு இலேசில் பிடிகொடுப்பதல்ல. ஆனாலும் 1947இல் இரண்டாம் வகுப்பு ஹொனர்ஸ் பட்டம் கிடைத்தது. பின்னர் இரசாயனவியலாளராக வேலை செய்து, சட்டம் படித்து, அரசியலுக்குப் போய், மார்கரெட் தாட்சர் என்ற பெயரில் 1979இல் இங்கிலாந்தின் பிரதமரானார். அவருடைய அரசியலை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆய்வில் விடை கிடைக்காவிட்டாலும் பட்டம் கிடைத்தது. ஏன் என்பதைக் கீழே புள்ளி போடும் இடத்தில் சொல்கிறேன்.

நமது நாட்டுக்கு வந்த வழி

இலங்கைக்கு இந்த மரபு லண்டன் பல்கலைக்கழகத்தின் ஊடாக வந்தது. 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம் வெளிவாரிப் பரீட்சைகளை நடத்தியது. அங்கே போய்ப் படிக்காதவரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம். 1921இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபோது, அங்கு படித்தவர்கள் எழுதியதும் லண்டன் பரீட்சைதான். படிப்பது கொழும்பில், பட்டம் லண்டனுடையது.

இப்படி ஒரு ஏற்பாட்டில் ஆராய்ச்சிக்கு இடம் குறைவு. கடல் கடந்து இருக்கும் பரீட்சகர் விடைத்தாளைத் திருத்தலாம், நீ ஆய்வுக்கூடத்தில் எப்படி நின்றாய் என்பதை அவர் எப்படிப் பார்ப்பது? ஆராய்ச்சி பழக விரும்பியவர்கள் பட்டத்தின் பின் கப்பல் ஏறினார்கள். பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்த சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜ் போய் பால் டிராக் என்ற பெரிய பௌதிகவியலாளரிடம் ஆய்வு செய்தார். திரும்பி வந்து இங்கே கணிதப் பேராசிரியரானார், பின்னாளில் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கற்பித்தார். பௌதிகவியல் பேராசிரியராகவும் விஞ்ஞான பீடாதிபதியாகவும் இருந்த ஏ. டபிள்யூ. மயில்வாகனமும் கேம்பிரிட்ஜில் ஆய்வு பழகியவர்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒன்றாகின. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். இனிப் பட்டம் நம்முடையது. ஆனால் லண்டனின் பிரிப்பு அப்படியே தங்கியது: பல பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் பொதுப் பட்டம், ஒரு பாடத்தில் ஆழமாகப் போகும் சிறப்புப் பட்டம். விஞ்ஞானத்தில் பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம் என்று நிலைத்தது. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு என்று பல்கலைக்கழகங்கள் பெருகியபோது இந்தப் பிரிப்பும் கூடவே போனது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருப்பது நமக்குத் தெரியும். ஒருகாலத்தில் கப்பல் ஏறிப் பழக வேண்டியிருந்த ஒன்றின் முதற்படியை இன்று நமது பிள்ளை பஸ் ஏறிப் போய்ப் பழகலாம். இதை நாம் பெரிதாக நினைப்பதில்லை.

2012இல் இலங்கைத் தகைமைகள் சட்டகம் வந்தது. 2015இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். அதன்படி மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம், 90 திறமைப் புள்ளிகள், அதாவது கிரெடிட். நான்கு வருட ஹொனர்ஸ் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம் என்று கணக்கு. விரிவுரை, செய்முறை, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு 1500 மணித்தியாலம். "சிறப்பு" என்ற பழைய பெயர் போய் "ஹொனர்ஸ்" என்ற பெயர் ஊன்றியது இதற்குப் பின்னர்தான்.

மூன்று நாடு, மூன்று முறை

ஒக்ஸ்போர்ட் இரசாயனவியலில் நான்காம் வருடம் முழுக்க ஆராய்ச்சி. பாடம் அதற்கு முன்னரே முடிந்துவிடும்.

அவுஸ்திரேலியாவில் வழமையான முறை வேறு. மூன்று வருடத்தில் பட்டம் முடிந்துவிடும். நல்ல புள்ளி எடுத்தவர் தனியாக விண்ணப்பித்து ஒரு ஹொனர்ஸ் வருடம் செய்யலாம். சில பாடங்கள் இருக்கும், ஆனால் புள்ளியில் பெரும்பகுதி ஆய்வேட்டுக்கே. அங்கே முதல் கலாநிதிப் பட்டம் 1948இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில்தான் வழங்கப்பட்டது. அதுவரை ஆராய்ச்சியாளரை உருவாக்கும் வேலையின் பெரும்பங்கை ஹொனர்ஸ் வருடமும் முதுமாணியுமே சுமந்தன. அதனால்தான் இன்றும் அங்கே நல்ல ஹொனர்ஸ் வகுப்பு எடுத்தவர் முதுமாணி செய்யாமல் நேராகக் கலாநிதிக் கற்கைக்குப் போகலாம்.

நமது நாட்டில் இரண்டும் கலந்தது. நான்காம் வருடத்தில் உயர்மட்டப் பாடங்களும் இருக்கும், ஆய்வும் இருக்கும். யார் போகலாம் என்பதை முந்தைய வருடங்களின் புள்ளியை வைத்து, பாடத்துக்கு இத்தனை பேர் என்று மட்டுப்படுத்தித் தெரிவு செய்வார்கள். அதனால் முதலாம் வருடத்தை "இப்பதானே வந்தோம்" என்று கழித்த பிள்ளைக்கு, பின்னர் ஆசை வந்தாலும் கதவு திறக்காமல் போகலாம்.

அந்த வருடத்தில் என்ன நடக்கிறது?

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். இரசாயனவியல் ஹொனர்ஸ் படிக்கும் ஒரு பிள்ளை, கரையோர ஊர்க் கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று ஆராயப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணல் நிலம், பக்கத்தில் மலசலகூடக் குழி, வயலில் பசளை. நமக்கு நெருக்கமான விடயம்.

முதலாவது, மேற்பார்வையாளர். எந்த விரிவுரையாளரிடம் எந்தத் தலைப்பு என்பது முடிவாகும். அதற்குப் பிறகு அவரோடு கிழமைக்குக் கிழமை சந்திப்பு.

இரண்டாவது, ஏற்கனவே செய்த ஆய்வுகளை வாசிப்பது. யார் எங்கே அளந்தார்கள், எந்த முறையில், எதை விட்டுவிட்டார்கள். இங்கேதான் ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை முதலில் களைத்துப்போகும்.

மூன்றாவது, ஆய்வு முன்மொழிவு. "கிணற்று நீரை ஆராய்தல்" என்றால் அது கேள்வியே இல்லை. "குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் குறையக் குறைய நைத்திரேற்று கூடுகிறதா? மாரியிலும் கோடையிலும் அது மாறுகிறதா?" என்பது கேள்வி. எத்தனை கிணறு, எத்தனை தடவை, எப்படித் தெரிவு செய்வது என்று எழுதித் திணைக்களத்தின் முன் விளக்க வேண்டும். மனிதரையோ விலங்கையோ வைத்துச் செய்யும் ஆய்வு என்றால் ஒழுக்கவியல் குழுவின் அனுமதியும் வேண்டும்.

நான்காவது, வேலை. மாதிரி எடுப்பது, அதே நாளில் குளிரில் வைத்துக் கொண்டுபோவது, தெரிந்த செறிவுள்ள கரைசல்களை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பது, வெறும் தூய நீரையும் அதே முறையில் அளப்பது, ஒவ்வொன்றையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அளப்பது. எல்லாம் திகதியோடு ஆய்வுக் கொப்பியில் ஏற வேண்டும். பிழைத்த அளவீட்டையும் அழிக்கக் கூடாது, ஒரு கோடு கீறிவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. ஒரு கிணற்றில் 48 வந்தால் அது பாதுகாப்பா? அளவீட்டின் வழு எவ்வளவு என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பாடசாலையில் நாங்கள் கணக்குக்காகப் படிப்பித்த இடையும் நியம விலகலும் இங்கே ஒரு குடும்பம் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய தீர்ப்பாக மாறுகின்றன.

ஐந்தாவது, இடைக்கால முன்வைப்பு. பாதி வேலையில் எழுந்து நின்று எங்கே நிற்கிறேன், எங்கே சிக்கியிருக்கிறேன் என்று சொல்வது.

ஆறாவது, ஆய்வேடு எழுதுவது. அறிமுகம், முறை, பெறுபேறு, கலந்துரையாடல், முடிவு. வேறொருவரின் வசனத்தைத் தன் வசனம்போல எழுதினால் கருத்துத் திருட்டு. அதைப் பிடிக்க இப்போது மென்பொருளும் இருக்கிறது.

ஏழாவது, வைவா. பரீட்சகர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வது. "ஏன் இந்தக் கிணறு? அந்த ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு ஏன் விலகி நிற்கிறது? அதை ஏன் நீக்கினாய், அல்லது ஏன் நீக்கவில்லை?" பாடமாக்கி வைத்துப் பதில் சொல்ல முடியாத பரீட்சை இது.

புள்ளி எப்படி?

பொதுவாக ஆய்வேட்டுக்கே பெரிய பங்கு. முன்மொழிவு, முன்வைப்பு, வைவா, வருடம் முழுக்க வேலை செய்த விதம் ஆகியவற்றுக்கு மீதி. பங்கு எத்தனை வீதம் என்பது பீடத்துக்குப் பீடம் வேறுபடும். பிள்ளை தனது பீடத்தின் கைநூலைப் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் மட்டும் புள்ளி போட்டு முடிப்பதில்லை, இன்னொரு பரீட்சகரும் வாசிப்பார். தன் மாணவன் என்ற பாசமும் கூடாது, கோபமும் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இப்போது தாட்சரின் கதைக்கு வருவோம். ஆய்வேட்டில் பார்ப்பது "விடை கண்டுபிடித்தாயா?" என்பதை அல்ல. கேள்வி தெளிவா, முறை அந்தக் கேள்விக்குப் பொருந்துகிறதா, அளவீடு நம்பத்தக்கதா, முடிவு அளவீட்டைத் தாண்டிப் போகாமல் நிற்கிறதா, குறைகளை நேர்மையாகச் சொல்லியிருக்கிறதா என்பவற்றையே பார்க்கிறார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் தொடர்பு இல்லை என்று வந்தாலும் அது பெறுபேறுதான். விரும்பிய விடைக்காக எண்ணை மாற்றியவர்தான் தோற்றவர்.

முழுப் பட்டத்தின் வகுப்பு, சராசரித் தரப்புள்ளியை வைத்துத் தீர்மானமாகும். நமது பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள அளவு: 3.70க்கு மேல் முதல் வகுப்பு, 3.30 முதல் இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 3.00 முதல் இரண்டாம் வகுப்பு கீழ்நிலை. நான்காம் வருட ஆய்வில் ஒரு நல்ல தரம், எல்லையில் நிற்கும் பிள்ளையை மேலே தூக்கும்.

அப்போ எல்லாரும் செய்ய வேண்டுமா?

இல்லை. மூன்று வருடப் பட்டம் குறைந்த பட்டம் இல்லை. வீட்டுச் சூழ்நிலை காரணமாக உடனே உழைக்க வேண்டிய பிள்ளை இருக்கிறது. பல பாடம் தெரிந்த பட்டதாரி ஆசிரியர் நமது பாடசாலைகளுக்கும் தேவை. நான் கல்வியியற் கல்லூரி வழியாக வந்தவன், எந்த வழியையும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் தெரியாமல் விடுவது வேறு, தெரிந்து விடுவது வேறு. பல்கலைக்கழக விரிவுரையாளராக, ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானியாக, வெளிநாட்டில் புலமைப்பரிசிலோடு கலாநிதி மாணவராகப் போக ஹொனர்ஸ் பட்டமும் நல்ல வகுப்பும் நேர்வழி. அது இல்லாதவரும் போகலாம், ஆனால் சுற்றிப் போக வேண்டும். அந்தச் சுற்றில் போகும் வருடம் ஒன்றுக்கு மேல். ஒரு வருடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து மூன்று வருடத்தைக் கொடுக்கிறோம்.

நமது ஊர்களில் கெட்டித்தனமான பெண்பிள்ளைகள் நிறையப் பேர் விஞ்ஞான பீடங்களுக்குப் போகிறார்கள். தெரிவுப் பட்டியலில் பெயர் வந்தும், "காணும், வீட்டுக்கு வா" என்ற ஒரு சொல்லால் திரும்பி வருகிறவர்கள் உண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதையே சொல்வேன்: அந்த ஒரு வருடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டொரதி தன் நான்காம் வருடத்தை முடிக்காமல் போயிருந்தால் யாருக்கு நட்டம் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, காசு. 1945இல் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கியபோது, வசதியில்லாத காரணத்தால் கெட்டிக்காரப் பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். இன்று ஊர்ப் பள்ளிவாசல்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் உதவி கொடுக்கிறோம். அந்த உதவி பெரும்பாலும் கம்பஸ் போகும் நாளில் தொடங்கும், நாள் போகப் போக மெலியும். ஆய்வு வருடத்தில்தான் மாதிரி எடுக்கப் பயணம், அச்சு, கட்டுதல், விடுமுறையிலும் போர்டிங் என்று செலவு கூடுகிறது. ஊருக்கு ஒரு பிள்ளையாவது நான்காம் வருடத்துக்கென்று ஒதுக்கி உதவ முடியாதா? பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்தால் நன்றாக இருக்கும்.

முதலாம், இரண்டாம் வருடத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று சொல். முதல் அரையாண்டிலிருந்தே புள்ளி எண்ணப்படுகிறது. செய்முறைக் கொப்பியை மற்றவரைப் பார்த்து எழுதாதீர்கள், உங்கள் அளவீடு பிழைத்தாலும் உங்களுடையதையே எழுதுங்கள். ஆங்கிலத்தில் கிழமைக்கு ஒரு பக்கமாவது சொந்தமாக எழுதிப் பழகுங்கள்.

உங்கள் வீட்டில் இரண்டாம் வருடத்தில் ஒரு பிள்ளை இருந்தால், இந்தக் கிழமை கோல் எடுக்கும்போது சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பிறகு இதையும் கேளுங்கள்: "ஹொனர்ஸுக்கு எடுக்க எவ்வளவு புள்ளி வேணுமாம், உனக்கு இப்ப எவ்வளவு இருக்கு?" பதில் தெரிந்தபின் மூன்றா நான்கா என்று சேர்ந்து முடிவெடுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கம்பஸில் படித்த நமது ஊர்ப் பிள்ளைகளும் சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.